இருநூற்றுப் பதினாலாம் விளக்கு

அக்டோபர் முதல் வாரம் எங்கள் ஒளிப்பட அருங்காட்சியகத்தின் வாசலில் புதுப் பலகை வைத்தோம். இடது பாதியில் "இப்போது: புல்வெளிக் குதிரைகள்" என்று இருந்தது. வலது பாதியில் "விரைவில்: மேலே வராதவர்கள்." அதன் கீழே ஆளுயரத்துக்கு ஒரு சுரங்கத் தொழிலாளியின் முகம். முழுக்கக் கரி. கண்ணின் வெள்ளையும் ஓரமாகத் தெரியும் நாலு பற்களும் மட்டும்தான் கரி படாமல் இருந்தன. நிலக்கரிச் சுரங்க ஊரான எங்கள் காராகாந்தாவில் பிறந்த யாருக்கும் அந்தக் கரிமுகத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பேருந்துக்கு நிற்பவர்கள் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவதை என் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வேலை நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் பெயர் ராய்ஹான். படங்களைத் தேர்ந்தெடுப்பதும், ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டும் பெயர்ச்சீட்டை எழுதுவதும் என் வேலை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு நுழைவுச்சீட்டு விற்கும் நீனா என் அறைக்கு வந்தாள். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ராய்ஹான், ஒருத்தர் வந்து நிக்கறாரு. டிக்கெட் வேணாமாம். வெளிய இருக்கற படத்தை எடுக்கணுமாம்."

"ஏனாம்?"

"அது அவராம். செத்தவங்க கண்காட்சில உயிரோட இருக்கறவருக்கு எவ்வளவு டிக்கெட்னு கேக்கட்டுமா?"

நான் சிரிக்கவில்லை. எழுந்து போனேன்.

கூடத்தில் அறுபதை நெருங்கும் ஒருவர் நின்றிருந்தார். ஒரு கையில் ரொட்டியும் கேரட்டும் இருந்த பை, இன்னொரு கையில் கழற்றிய தொப்பி. முகம் சுத்தமாக இருந்தது, தாடையில் சதை தொங்கியிருந்தது. ஆனால் அவர் வாய் திறந்தபோது அந்த நாலு பற்களைப் பார்த்துவிட்டேன். முன்பல் ஒன்று மற்றதன் மேல் லேசாக ஏறி நிற்கும். ஒரு மாதமாக அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சுத்தம் செய்தவள் நான். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"உள்ள வாங்க, அகா," என்றேன். எங்கள் ஊரில் மூத்த ஆணை அகா என்றும் மூத்த பெண்ணை அபாய் என்றும் அழைப்போம்.

அவர் பெயர் தொக்தார். பால் விட்ட தேநீரை அவர் முன்னால் வைத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"நான் மேல வந்துட்டேனே, பொண்ணே," என்றார். "வராதவன்னு போட்டிருக்கீங்க."

"மன்னிச்சுக்குங்க அகா. எங்கயோ தப்பு நடந்திருக்கு. இந்தப் படத்துக்கு நாங்க வேற பேரு வச்சிருந்தோம்."

"யாரு பேரு?"

மேசையிலிருந்து பெயர்ச்சீட்டை எடுத்து நீட்டினேன். "பெய்பித். வயது முப்பத்தொன்று." அவ்வளவுதான் அதில் இருந்தது. அவர் படித்தார். கண்ணாடி இல்லாமல் கையை நீட்டி வைத்து இன்னொரு முறை படித்தார். பிறகு அதைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இந்தப் பேரை எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

நடந்தது இதுதான். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில், கோக்தாஸ் சுரங்கத்தில் வாயு வெடித்துப் பதினேழு பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு அர்காதி நோகாய் என்ற ஒளிப்படக்காரர் பகல் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, ஒருவர் விடாமல் இருபத்திரண்டு பேரையும் படம் எடுத்திருந்தார். அவர் இறந்த பிறகு அவர் மகள் நெகட்டிவ்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எங்களிடம் கொடுத்தாள். நோட்டில் பெயர்கள் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் எதிரே அந்த ஆளின் தலைவிளக்கு எண் மட்டும் எழுதியிருந்தது. இறந்தவர்களின் பட்டியல் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அதில் பெயரோடு, உடல் கிடைத்தபோது இடுப்பில் இருந்த தலைவிளக்கு பேட்டரியில் பொறித்த எண்ணும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினேழும் பொருந்தின. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் அலுவலகத்துக்கே கறி அடைத்த சம்சா வாங்கிக் கொடுத்தேன்.

"இருநூத்திப் பதினாலு," என்றேன். "பட்டியல்ல அந்த விளக்கு பெய்பித்கிட்ட இருந்துச்சு."

"அது என் விளக்கு," என்றார் தொக்தார். "பதினோரு வருஷம் அதுதான் என் விளக்கு."

நான் கேட்காமலே மீதியைச் சொன்னார், என்னைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு.

வெடிப்பு நடந்த அன்று காலை ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பெய்பித் மேலே வந்திருக்கிறான். இவர் அவனைக் குளியலறை வாசலில் பிடித்து, மனைவிக்குத் தாங்க முடியாத வயிற்று வலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், எனக்குப் பதிலாக இறங்கு என்று கேட்டிருக்கிறார். ஷிஃப்ட் தலைவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். பெய்பித்தின் சொந்த விளக்கு அப்போதுதான் சார்ஜில் போயிருந்தது. அதனால் இவர் கொக்கியில் தொங்கிய விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"உங்க மனைவிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அவ வீட்ல மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. நான் மச்சானோட ஏரிக்கு மீன் பிடிக்கப் போனேன். பனிக்கட்டி நல்லா உறைஞ்சிருக்கு, இன்னிக்கு விட்டா கிடைக்காதுன்னு அவன் கூப்பிட்டான்."

தேநீர் ஆடை படிந்துபோயிருந்தது.

"விசாரணைல ஷிஃப்ட் தலைவர்தான் ஆளை மாத்தினாருன்னு சொன்னேன். அவரும் கீழயே செத்துட்டாரு. மறுத்துப் பேச ஆள் இல்லை." தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி எடுத்தார். "படத்தை எடுத்துடு, பொண்ணே. உல்ஜானுக்குத் தெரிய வேணாம்."

உல்ஜான் பெய்பித்தின் மனைவி. அவளுக்கு நான் ஏற்கெனவே போன் செய்துவிட்டேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பரில் எல்லாக் குடும்பங்களையும் தேடிப் பிடித்துப் பேசியிருந்தேன். உல்ஜானிடம் "உங்க கணவரோட படம் ஒண்ணு இருக்கு, அபாய்" என்றேன். தன்னிடம் அடையாள அட்டைக்கு எடுத்த கட்டைவிரல் அளவுப் படம் ஒன்றுதான் இருக்கிறது, கல்யாணப் படங்கள் பழைய வீட்டில் குழாய் வெடித்து நனைந்துபோய்விட்டன என்றாள். "சிரிக்கிறாரா?" என்று கேட்டாள். "லேசா சிரிக்கிறாரு" என்றேன். போனிலேயே அழுதாள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கூட்டம் இல்லாதபோது வந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். முதலில் படத்தை அவளிடம் காட்டி, அவர்தானா என்று கேட்டிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. எண்கள் பொருந்திவிட்டன என்ற தைரியம்.

இயக்குநர் லுத்மீலா கென்ரிகோவ்னாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"அழைப்பிதழ் முந்நூறு போயாச்சு. எல்லாத்துலயும் இந்த முகம்தான்."

"தெரியும்."

"சரி. பலகையை மாத்து, வேற படம் போடு. அந்தம்மாகிட்ட நெகட்டிவ் கெட்டுப்போச்சு, ஈரம் புகுந்துடுச்சுன்னு சொல்லிடு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"இல்லாத படத்தை இருக்குன்னு சொன்னியே, அது என்ன?" என்றார். "இப்ப உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம், ராய்ஹான்? இது அருங்காட்சியகம். கோர்ட் இல்லை."

உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் சொன்னதால் செய்கிறேன் என்று இருந்துவிடலாம். மாற்றுப் படம் அச்சாகி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். தொக்தார் ஒவ்வொரு நாளும் ரொட்டி வாங்கப் போகும் சாக்கில் பலகையைப் பார்த்துவிட்டுப் போவார். உள்ளே வர மாட்டார். நீனா, "உன் ஆளு வந்தாச்சு" என்று ஜன்னலைக் காட்டுவாள். இரண்டாவது நாளுக்குப் பிறகு அவளும் கிண்டலை நிறுத்திவிட்டாள்.

உல்ஜான் சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை, முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த பெண். எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளைத் துணியில் கட்டிய மூட்டையை நீனாவின் மேசையில் வைத்து, "எல்லாரும் சாப்பிடுங்க, இன்னும் சூடு போகலை" என்றாள். என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கலை. மன்னிச்சுக்க," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "பொண்ணே, வாசல்ல தொக்தார் அகா படத்தை மாட்டியிருக்கீங்களே. அவரு நல்லா இருக்காரு. எங்க தெருவுக்குப் பின்தெருதான். பாவம், அபசகுனமா நினைச்சுக்கப்போறாரு."

"தப்பா மாட்டிட்டோம், அபாய். எடுக்கப்போறோம்."

"அதான பாத்தேன். சரி, எங்காளு எங்க?"

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவருடைய நெகட்டிவில் ஈரம் புகுந்துவிட்டது என்றேன். கடைசி நேரத்தில்தான் பார்த்தோம் என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். "கொஞ்சம்கூடத் தெரியலையா? பாதி முகமா இருந்தாலும் பரவாயில்லை. நான் கண்டுபிடிச்சுக்குவேன்."

"இல்லை, அபாய்."

"சிரிக்கிறாருன்னு சொன்னியே. அப்ப நீ பாத்திருக்கல்ல?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் கண்ணைப் பார்த்து இன்னொரு பொய்யைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

"அபாய், படமே இல்லை. நான் போன்ல சொன்னது தொக்தார் அகா படத்தைப் பாத்துதான். விளக்கு நம்பரை வச்சுப் பேரு போட்டேன். இருநூத்திப் பதினாலு. அது தொக்தார் அகாவோட விளக்கு. உங்க கணவர் அன்னிக்கு அதை எடுத்துட்டு இறங்கியிருக்காரு."

அவள் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். இல்லாத படத்துக்காக என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு விளக்கு இவருகிட்ட எப்படி வந்துச்சு?"

நான் பவுர்சாக் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொண்ணே, உன்னைத்தான் கேக்கறேன். ஆளு குறைஞ்சுதுன்னு தலைவர் கேட்டதும் இவரு இறங்கினாருன்னுதானே நான் நினைச்சிருந்தேன். அடுத்தவன் விளக்கு எப்படி வரும்?"

"அதை நீங்க அவரைத்தான் கேக்கணும்."

அந்த நேரத்தில் அவர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் அவர் வெளியே நின்றிருந்தார், தோளில் பனியோடு, பலகையைப் பார்த்தபடி. நீனா ஜன்னல் பக்கம் திரும்பியதைப் பார்த்து உல்ஜானும் திரும்பினாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"அகா, உள்ள வாங்க," என்றாள்.

அவர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துக் கூடத்தில் இறந்த மற்ற பதினாறு பேரின் படங்களை ஏற்கெனவே மாட்டியிருந்தோம். அங்கேதான் இருவரும் நின்றார்கள். நான் வாசற்படியில் நின்றேன். போயிருக்க வேண்டும், போகவில்லை.

தொக்தார் என்னிடம் சொன்னதையே சொன்னார். இந்த முறை எதையும் நீட்டவில்லை, ஐந்தாறு வாக்கியம்தான். வயிற்று வலி என்று பொய் சொன்னேன். அவன் நம்பினான். நான் மீன் பிடிக்கப் போனேன்.

உல்ஜான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எங்க வீட்ல என்ன விசேஷம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லுங்க."

"குழந்தைக்கு முதல் நடை. கால் கயிறு அறுக்கற நாள்." நடக்கத் தொடங்கும் குழந்தையின் காலில் கயிறு கட்டி, கத்தரிக்கோலால் வெட்டும் எங்கள் சடங்கு அது. "மத்தியானம் எங்களையும் கூப்பிட்டிருந்தீங்க."

"இவரு அதைச் சொல்லலையா உங்ககிட்ட?"

"சொன்னான். பகல் சாப்பாட்டுக்குள்ள மேல விட்டுடுவாங்கல்லன்னு கேட்டான். தலைவர்கிட்ட சொல்லி விடச் சொல்றேன்னேன்."

"சொன்னீங்களா?"

"இல்லை. மச்சான் வண்டியோட நின்னுட்டிருந்தான்."

மேலே பள்ளிப் பிள்ளைகள் குதிரைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உல்ஜான் கேட்டாள். அதுவரை மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவள், முதல் முறையாக அவரை "நீ" என்றாள்.

"நீ போனியே, மீன் கிடைச்சுதா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல. கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"நல்லது," என்றாள். அடுத்த மூச்சில் அவள் குரல் உடைந்தது. "பதினெட்டு வருஷம் நான் அவரைத் திட்டிட்டு இருந்தேன்டா. வீடு நிறைய ஆளு, கத்தரிக்கோலை வச்சுக்கிட்டு நான் வாசலைப் பாத்துட்டு நிக்கறேன். பெத்த பொண்ணைவிட அந்தக் குழிதான் பெருசா போச்சான்னு திட்டினேன். கல்லறைல போய் நின்னு திட்டினேன். பொண்ணுகிட்ட உங்கப்பனுக்கு நீ முக்கியம் இல்லைன்னு சொல்லி வளத்தேன். நீ பின்தெருவுல இருந்துட்டு, பெருநாளுக்குப் பெருநாள் கறி கொண்டுவந்து குடுத்துட்டுப் போன. நான் உனக்கு நன்றி சொன்னேன்!"

தொக்தார் மண்டியிடப் போனார். "எந்திரி," என்று கத்தினாள். "இங்க விழாத. இவங்க முன்னால விழாத." சுவரில் இருந்த பதினாறு முகங்களைத்தான் சொன்னாள்.

நான் அவளை என் அறைக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிகவும் சாதாரணமான குரலில் சொன்னாள்: "அந்தப் படத்தை எடுக்காத. அவன் பேரை வச்சே மாட்டு. எங்காளு அன்னிக்கு ஏன் இறங்கினாருன்னு அதுக்குக் கீழ எழுது."

லுத்மீலா கென்ரிகோவ்னா ஒப்புக்கொள்ளவில்லை. உயிரோடு இருப்பவர் சம்மதம் இல்லாமல் அப்படி எழுத முடியாது என்றார். அது நியாயம்தான். நான் தொக்தாரின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காமார்தான் கதவைத் திறந்தாள். அவளுக்கும் அன்றுதான் தெரிந்திருந்தது. கண் வீங்கியிருந்தது. "என் வயித்து வலியைச் சொல்லி ஒருத்தனைக் கொன்னிருக்காரு," என்றாள் என்னிடம், வணக்கம்கூடச் சொல்லாமல். தொக்தார் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுதி வைத்திருந்த வரிகளைப் படித்தார்.

"தலைவர் மாத்தினாருன்னு நான் சொன்னது பொய்னும் சேத்துக்க," என்றார். "அந்த மனுஷன் குடும்பமும் வருவாங்க." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கண்காட்சியின் தலைப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. "பகல் ஷிஃப்ட்" என்று வைத்தோம், இருபத்திரண்டு பேரையும் மாட்டினோம். பெய்பித்தின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று கேட்டேன். உல்ஜான் தரவில்லை. "அது என் பையில இருக்கட்டும். மறுபடி உன்னை நம்ப என்னால முடியலை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

திறப்பு நாளன்று கூட்டம் நிறைய. தொக்தார் வெள்ளைச் சட்டை போட்டு, தன் படத்தின் பக்கத்திலேயே நின்றார். அவரை யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்து படித்தார்கள், அவரைப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். ஷிஃப்ட் தலைவரின் மகன் அவர் காலருக்கு அருகே கையைக் கொண்டுபோய், பிறகு கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவரோடு வேலை பார்த்த கிழவர் ஒருவர், "நாங்க எல்லாரும்தான்டா அப்ப ஷிஃப்ட் மாத்திக்கிட்டோம்" என்று சொல்லத் தொடங்கினார். தொக்தார் தலையசைத்து மறுத்தார். காமார் வரவில்லை. அவள் மகன் வீட்டுக்குப் போய்விட்டதாக நீனா சொன்னாள். உல்ஜான் தன் மகள் அஸெமோடு வந்து, இறந்த பதினாறு பேரின் படங்களுக்கு முன்னாலும் நின்றுவிட்டு, தொக்தாரின் படத்தருகே வராமல் திரும்பிப் போனாள்.

நவம்பர் கடைசியில் அஸெம் தனியாக வந்தாள். தொக்தாரின் போன் எண் வேண்டும் என்றாள்.

"எதுக்கு, கண்ணு?"

"அப்பாவோட முன்னாடி ஒரே ஷிஃப்ட்ல அவரு மூணு வருஷம் கீழ வேலை பாத்திருக்காருல்ல. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் வீட்ல இருந்த அப்பாதான்."

யாரையும் கேட்காமல் கொடுத்துவிட்டேன். சரியா தவறா என்று இன்றுவரை தெரியவில்லை.

பத்து நாள் கழித்து உல்ஜான் போன் செய்தாள். எடுத்ததுமே, "உன்னை யாரு குடுக்கச் சொன்னது?" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"கீழ எங்காளு பாடுவாராம்," என்றாள். "ரயில் வண்டில உள்ள போகும்போது, இருட்டுல. மத்தவங்க கேட்டு வாங்கிப் பாடச் சொல்வாங்களாம். வீட்ல ஒரு நாள்கூட வாயைத் திறந்ததில்லை. எனக்குத் தெரியவே தெரியாது."

"என்ன பாட்டுன்னு சொன்னாரா?"

"பொண்ணுகிட்ட பாடியே காட்டியிருக்கான், அந்தப் பாவி." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இதைக்கூட அவன் வாயாலதான் நான் தெரிஞ்சுக்கணுமா, சொல்லு?"

கேட்ட வேகத்திலேயே போனை வைத்துவிட்டாள்.